வெண்கலச் சிப்பாயா, பெயர்க் கல்லா, மண்டபமா? நம் பட்டணத்து நினைவுச் சின்னத்துக்கு எது பொருந்தும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோருக்குத் தெற்கே, ரப்பர் தோட்டங்களை நம்பி வளர்ந்து இப்போது செம்பனைக்கு நடுவில் நிற்கிறது நம் பட்டணம். இங்கிருந்து படைக்கும் போலீசுக்கும் போய்த் திரும்பாத பிள்ளைகளுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்பதில் இனம், கட்சி பார்க்காமல் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். எந்த மாதிரி என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். துப்பாக்கியோடு நிற்கும் வெண்கலச் சிப்பாய் வேண்டும் என்பது ஒரு கட்சி. கருங்கல்லில் பெயர் வெட்டி வைப்போம் என்பது இன்னொன்று. சிலையும் வேண்டாம் கல்லும் வேண்டாம், அந்தப் பணத்தில் ஒரு மண்டபம் கட்டி அவர்கள் பெயரைச் சூட்டலாம் என்பது மூன்றாவது. வெண்கலத்தின் விலையைக் கேட்டு மிரண்டவர்கள், கோயில் சிற்பியைக் கூப்பிட்டு சிமெண்டில் செய்துவிடலாமே என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் கையைத் தூக்கும் முன் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. நான் பெயர்க் கல்லின் பக்கம். அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசப் போவதில்லை. ஆனால் மற்றவர்கள் சொல்வதில் உள்ள நியாயத்தை விழுங்கிவிடவும் மாட்டேன்.

சிலை

நினைவுச் சின்னம் என்றதும் இந்த நாட்டில் எல்லார் மனத்திலும் எழுவது கோலாலம்பூரிலுள்ள தேசிய நினைவுச் சின்னமான துகு நெகாராதான். 1966 பிப்ரவரி 8-ஆம் தேதி திறந்து வைக்கப்பட்ட அந்த வெண்கலத் தொகுதியைச் செய்தவர் ஃபெலிக்ஸ் டி வெல்டன். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சிற்பி. ஈவோ ஜீமா தீவில் கொடி நாட்டும் அமெரிக்க மரீன் வீரர்களை 1954-இல் வெண்கலத்தில் நிறுத்தியவரும் அவரே. நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அமெரிக்கா போனபோது அதைப் பார்த்து வியந்து, நமக்கும் ஒன்று வேண்டும் என்று அவரையே கேட்டார். ஏழு உருவங்கள், 15 மீட்டர் உயரம். வெண்கலம் இத்தாலியில் வார்த்தது. பீடத்துக் கல் சுவீடனிலிருந்து கப்பலில் வந்தது.

சிலைக்கு ஒரு பலம் உண்டு, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் அது பேசும். பள்ளிச் சுற்றுலாவில் துகு நெகாராவுக்குப் போன எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், கொடி பிடித்தவனையும் கீழே விழுந்து கிடப்பவனையும் சொல்லும். அதே வளாகத்தில் பிரிட்டிஷ்காரர்கள் எழுப்பிய சினோடாஃப் என்ற போர் நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. முதலில் ரயில் நிலையத்தின் பக்கம் இருந்து, சாலை வேலைக்காக இங்கே இடம் மாற்றப்பட்டது. இரண்டு உலகப் போர்களின் ஆண்டுகளும், மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக நடந்த அவசரகாலத்தின் ஆண்டுகளும் அதில் வெட்டியிருக்கும். அதைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பார்கள்.

அப்படியென்றால் சிலையே வைக்கலாமே? வைக்கலாம், ஆனால் யாருடைய முகம்? துகு நெகாராவின் ஏழு பேரும் தலைமை, ஒற்றுமை, விழிப்பு, தியாகம் போன்ற ஏழு குணங்களைக் காட்டுகிறார்கள் என்பார்கள். அந்த முகங்களில் நம் ஊர்க்காரன் சாயல் எங்கே என்று நின்று தேடியவர்களுக்குத் தெரியும், கிடைக்காது. ஏழு பேர் இருந்தும் அந்தக் கதி. நாமோ ஒரே ஒரு சிப்பாயை வைக்கப் போகிறோம். தமிழ் முகம் வைத்தால் கம்போங்கிலிருந்து போன மலாய்ப் பையனுக்கு என்ன பதில்? மலாய் முகம் வைத்தால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து போனவனுக்கு? புதுக்கிராமத்துச் சீனனையும், மலையிலிருந்து வந்து வழிகாட்டிய ஓராங் அஸ்லிப் பழங்குடியினரையும் எங்கே நிறுத்துவது? எந்த முகமும் இல்லாத பொது முகம் ஒன்றைச் செய்தால், அவ்வளவு பணம் கொட்டி யாரையும் நினைவூட்டாத ஒருவனை நிறுத்தியதாகிவிடும்.

உடுப்பும் அப்படித்தான். 1942-இன் அரைக்கால் காக்கிச் சட்டை போட்டால் அவசரகாலத்து ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வெளியே. எழுபதுகளின் காட்டுப் பச்சை போட்டால் முன்னவர்கள் எல்லாரும் வெளியே. ஓர் உருவம் ஒரு காலத்தைத்தான் சுமக்கும்.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். மனித உருவத்தின் முன் நின்று மரியாதை செலுத்துவது முஸ்லிம்கள் பலருக்கு ஏற்புடையதல்ல. ஆண்டுதோறும் ஜூலை 31 வீரர் நாள். அந்த விழா பல்லாண்டு துகு நெகாரா முன்னால் நடந்தது. சமயக் கருத்துகள் எழுந்த பின் அங்கிருந்து எடுக்கப்பட்டு, புத்ராஜெயாவுக்குப் போனது. நாட்டின் தலைமைச் சின்னத்துக்கே அந்த நிலைமை. நம் திடலில் சிலை வைத்துவிட்டு, மகனைப் பறிகொடுத்த மக்சிக், மலாய்க்கார அம்மா ஒருவர் அதன் முன்னால் நிற்கலாமா கூடாதா என்று தடுமாறும்படி செய்தால், அது யாருக்கான சின்னம்? என்னைக் கேட்டால் சிலையின் வழக்கு இங்கேயே முடிந்துவிட்டது.

செலவு, காவல் பற்றிய கேள்விகளும் இன்னும் இருக்கின்றன. ஆளுயர வெண்கலம் வார்க்க நம் கையில் இருப்பது பாதி உருவத்துக்கும் காணாது. வெண்கலம் நூறு ஆண்டு தாங்கும் உலோகம். 1975-இல் குண்டு வைத்துச் சிதைக்கப்பட்ட துகு நெகாராவைச் செப்பனிட்டு 1977-இல் மறுபடி நிறுத்த முடிந்தது. ஆனால் கால்வாய் மூடியையும் தொலைபேசிக் கம்பியையும் பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் திரியும் ஊர் இது. வெண்கலத் துப்பாக்கி எத்தனை இரவு தோளில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

சிமெண்டுச் சிலை

இதை விரைவாகத் தாண்டிவிடலாம். சுதை வேலையில் நம்மவர்களுக்குக் கைத்திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2006-இல் எழுந்த பத்துமலை முருகன் 42.7 மீட்டர். பிரச்சினை திறமையில் இல்லை. கோபுரத்துச் சுதை உருவங்கள் பிழைத்திருப்பதற்குக் காரணம், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்று ஒரு வழக்கம் இருப்பதுதான். அந்தச் சாக்கில் சாரம் கட்டி, விரிசல் அடைத்து, வர்ணம் பூசுவார்கள். சிப்பாய்க்கு யார் கும்பாபிஷேகம் செய்வார்கள்? ஓரிரண்டு அடைமழைக் காலத்தில் பாசி ஏறித் தோள்பட்டை கறுத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. கோயில் சிற்பி முறுக்கு மீசையும் உருட்டிய விழியுமாகச் செய்து தருகிற சிப்பாய், பார்ப்பதற்கு முனியாண்டி சாமி போலத்தான் இருப்பார். ஒரு மாதத்தில் யாராவது காலடியில் எலுமிச்சம்பழமும் சுருட்டும் வைப்பார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்.

மண்டபம்

மண்டபத்தை ஆதரிப்பவர்கள் நடைமுறை பேசுகிறார்கள். செத்தவர்களுக்குக் கல் எதற்கு, இருக்கிறவர்களுக்கு இடம் வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். உலகப் போர்களுக்குப் பிறகு பிரிட்டனில் இதே வாக்குவாதம் ஊருக்கு ஊர் நடந்து, பல கிராமங்கள் தூணுக்குப் பதிலாக நினைவு மண்டபம் கட்டிக்கொண்டன. ஆனால் மண்டபம் மண்டபமாகத்தான் வாழும். பூப்பந்து விளையாடுவார்கள், சனிக்கிழமை கல்யாணம் நடக்கும், வாசலில் பூ வளைவு கட்டினால் பெயர்ப் பலகை அதற்குப் பின்னால் போய்விடும். பத்து ஆண்டு கழித்து யாரோ ஒரு பெரியவர் புதுக் கூரை போட்டுக் கொடுத்தால் பெயரே மாறிப்போகலாம். மண்டபம் தேவையென்றால் அதற்கான மானியத்தைத் தனியாகக் கேட்போம். இந்தப் பணத்தில் வேண்டாம்.

பெயர்க் கல்

இறந்தவனுக்குக் கல் நட்டு எழுதுவதை வெள்ளைக்காரனிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் நாம் இல்லை. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு நடுகல் நட்டு, அவன் பெயரையும் செய்த செயலையும் எழுதி, வழிப்போக்கர் கண்ணில் படும்படி வைத்தவர்கள் நம் முன்னோர். செங்கம், தருமபுரி வட்டாரங்களில் அவை இன்றும் நிற்கின்றன. செங்கத்துக்குப் பக்கத்தில் எடுத்தனூரில் பல்லவர் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. தொறு (ஆநிரை) காக்கும் சண்டையில் மாண்ட வீரனோடு, அவனுடைய கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் அதில் எழுதி, நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டு நிற்கிறது. நம் தோட்டத்திலிருந்து போன பிள்ளையின் பெயர் ஐம்பது ஆண்டுகூட நிற்கவில்லை.

பெயர்க் கல்லின் நவீன வடிவத்துக்கு நல்ல பள்ளிக்கூடம் தைப்பிங்கில் இருக்கிறது. அங்குள்ள போர்க் கல்லறையைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவ வீரர்கள், மறுபக்கம் இந்து, முஸ்லிம், கூர்க்கா வீரர்கள். மலாயாப் போரில் நொறுங்கிய 11-ஆவது இந்திய டிவிஷனைச் சேர்ந்தவர்கள் பலர். அதிகாரி, சிப்பாய் என்று கல்லின் அளவில் வித்தியாசம் கிடையாது. இந்து வீரரின் கல்லில் தேவநாகரியில் ஓம் பகவதே நமஹ என்றிருக்கும். அடையாளம் தெரியாதவர்களின் கல்லில் பெயருக்குப் பதிலாக, இந்தியப் படையின் வீரர் ஒருவர் இங்கே போற்றப்படுகிறார் என்ற பொருளில் ஒரு வரி. வரிசையில் நடந்து அடுத்தடுத்து அதே வரியைப் படித்துக்கொண்டு போகும்போது, பெயர் இருக்கும் கல் ஒன்று வந்தால் கால் தானாக நிற்கும். இரண்டு விரலால் அந்த வெட்டெழுத்தைத் தடவிப் பார்க்காமல் நகர முடியாது.

1917-இல் தொடங்கிய அந்த ஆணையத்தின் கொள்கை, எல்லாருக்கும் சமமான நினைவு என்பது. நடப்பில் அது வழுக்கியிருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, இந்திய வீரர்களில் பல்லாயிரம் பேருடைய பெயர் எங்குமே பொறிக்கப்படவில்லை என்று 2021-இல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டது. கல் நட்டுவிட்டால் மட்டும் போதாது, யார் பெயர் விடுபட்டது என்று கேட்க ஆள் வேண்டும்.

சிலைக்கும் பெயருக்கும் நடந்த சண்டைகளில் பெரியது வாஷிங்டனில் நடந்தது. 1982-இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரை வடிவமைத்த மாயா லின், படிப்பைக்கூட முடிக்காத மாணவியாக இருந்தபோதே போட்டியில் வென்றவர். பளபளக்கும் கறுப்புக் கிரானைட்டில் 58,000-க்கு மேற்பட்ட பெயர்கள், இறந்த நாள் வரிசையில். இது என்ன சின்னம், பள்ளத்தில் ஒரு கறுப்புச் சுவர் என்று பழைய படைவீரர்களில் பலர் கொதித்தார்கள். சமாதானத்துக்காக 1984-இல் பக்கத்தில் மூன்று வீரர் சிலையும் வைத்தார்கள். இன்று வருகிறவர்கள் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரை எடுத்துக்கொண்டு போவது சுவரிலிருந்துதான்.

சரி, கல்லில் குறையே இல்லையா? இருக்கிறது. நம் ஊரில் கறுப்புக் கிரானைட் என்றால் இரண்டு இடத்தில்தான் பார்த்துப் பழக்கம்: கல்லறையில், அப்புறம் கோயில் திறப்பு விழாக் கல்வெட்டில். நினைவுச் சின்னம் உபயதாரர் பட்டியல் போல ஆகிவிடும் ஆபத்து உண்மையானது. திறந்து வைத்தவரின் பட்டங்கள் நான்கு வரி, செத்தவன் பெயர் கால் வரி என்று ஒரு கல்லை இந்த நாட்டில் பார்க்காதவர் யார்? அதனால் ஒரு விதியை இப்போதே எழுதி வைப்போம்: திறப்பாளர், நன்கொடையாளர் பெயர் எதுவும் பெயர்க் கல்லில் வரக் கூடாது. போட்டே ஆக வேண்டுமென்றால் பின்பக்கம், பெயர்களைவிடச் சின்ன எழுத்தில்.

உச்சி வெயிலில் கறுப்புக் கல்லில் கை வைக்க முடியாது. சாம்பல் நிறக் கிரானைட் அவ்வளவு சுடாது, எழுத்தும் தெளிவாகத் தெரியும். ஈப்போ பக்கத்துச் சலவைக்கல் மலிவாகக் கிடைக்கிறதே என்றும் ஒருவர் கேட்டார். அழகுதான், ஆனால் சுண்ணாம்புப் பாறைச் சாதி. மழை நீர் எழுத்தின் விளிம்பை மெல்ல மெல்லத் தின்றுவிடும். கிரானைட்டே சரி. பலகைகளைச் சிமெண்டுப் பசையால் மட்டும் ஒட்டாமல் துருப்பிடிக்காத எஃகு ஊசி போட்டுப் பிடிக்க வேண்டும். ஒரே பெரிய கல்லாக இல்லாமல் சின்னப் பலகைகளாக இருந்தால், தப்பு வந்தாலும் உடைந்தாலும் ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். இரண்டு பலகையை வெறுமையாகவே விட்டு வைக்க வேண்டும். பெயர்கள் பிறகும் வரும்.

பெயர்களின் உயரம் முக்கியம். சக்கர நாற்காலியில் வருகிறவரின் கை எட்டும் இடத்தில் தொடங்கி, நிற்கிறவரின் கண் மட்டத்தில் முடிய வேண்டும். அண்ணாந்து பார்க்க வைக்கிற தூண் நகரத்துக்குச் சரி. இங்கே வரப்போவது தங்கச்சியும் பேரனும்.

சிலை கட்சிக்கு ஒரு சமாதானமும் வைத்திருக்கிறேன். கல்லின் பக்கவாட்டில் மனித உருவம் இல்லாத புடைப்புச் சிற்பம் ஒன்று வரட்டும்: ரப்பர் பால்வெட்டும் கத்தி, பால் பிடிக்கும் மங்கு, அதன் அருகில் படையின் தொப்பி. விடியற்காலையில் தோட்டத்து ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டிய பையன் படைக்குப் போன கதை அதில் வந்துவிடும். படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் பிடிக்கும், எந்தச் சமயத்துக்காரரும் தயங்காமல் நிற்கலாம். ரப்பர் மரம் ஒன்று நடலாமே என்றும் யோசனை வந்தது. ஆசைப்பட்டது புரிகிறது, ஆனால் காற்றுக்குக் கிளை முறியும் மரத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி நடலாம்.

யார் பெயர்?

உண்மையான வேலை இங்கேதான். வடிவத்தைப் பற்றி மூன்று கூட்டம் பேசுகிற நாம் பட்டியலைப் பற்றி அரை மணி நேரமும் பேசவில்லை.

உள்ளூர் வீரர் என்றால் இங்கே பிறந்தவரா, இங்கே இறந்தவரா? 1942 ஜனவரி 7 விடியும் முன் ஜப்பானிய டாங்கிகள் இந்தப் பெரிய சாலை வழியாகத்தான் துரோலாக்கையும் சிலிம் ரிவரையும் உடைத்துக்கொண்டு போயின. அங்கே விழுந்த ஹைதராபாத், பஞ்சாப் வீரர்களும் கூர்க்காக்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் இந்த மண்ணில் இறந்தவர்கள், ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகள் அல்ல. அவர்களுக்குத் தைப்பிங்கில் கல் இருக்கிறது, உடல் கிடைக்காதவர்களுக்குச் சிங்கப்பூர் கிராஞ்சியில் பெயர் இருக்கிறது. நம் கல்லில் அவர்களுக்கு ஒரு வரி போதும். பெயர்கள் நம் பிள்ளைகளுக்கு.

அவர்களைத் தேட நான்கு காலத்தைப் பார்க்க வேண்டும். உலகப் போரில் தொண்டர் படைகளிலும் மலாய் ரெஜிமெண்டிலும் சேர்ந்தவர்கள். 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலம். 1963 முதல் 1966 வரை இந்தோனேசிய மோதல். 1968-இல் மறுபடி தொடங்கி 1989 டிசம்பர் 2-இல் ஹாட்யாய் உடன்பாட்டோடு முடிந்த இரண்டாம் கட்டக் காட்டுப் போர். வெளிநாட்டுப் பணிகளும் உண்டு, காங்கோவிலிருந்து சோமாலியா வரை. முதல் காலத்துக்கு மட்டும்தான் வழி சுலபம்: காமன்வெல்த் ஆணையத்தின் பட்டியலை வீட்டிலிருந்தே தேடலாம். ஆனால் அந்தப் பட்டியல் 1947 டிசம்பர் 31-ஓடு நின்றுவிடும். அதற்குப் பின் இறந்தவர்களுக்குப் படைவீரர் நலத் துறை, போலீஸ் பதிவு, படைவீரர் சங்கம் என்று ஏறி இறங்க வேண்டும்.

போலீசை விட்டுவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். தோட்டத்து வேலியையும் பால் ஸ்டோரையும் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் போலீஸ் கணக்கில் வருகிறவர்கள். சிப்பாய் என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால், அவசரகாலத்தில் இந்தப் பக்கம் செத்தவர்களில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

அடுத்து, உலகப் போரில் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. 12,000-க்கு மேற்பட்ட போர்க் கைதிகள் இறந்தார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் அவர்களில் ஏறத்தாழ 7,000 பேருக்கு ஆளுக்கொரு கல் இருக்கிறது. அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்களைக் கிட்டத்தட்ட 90,000 என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள், அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். அவர்களுக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. தமிழர்களுக்கென்று அங்கே ஒரு நடுகல் எழுந்ததே 2023-இல்தான். நம் பட்டணத்திலும் தாத்தாவை அப்படி இழக்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அவர்களையும் இந்தக் கல்லில் சேர்க்கச் சொல்லி ஒரு தரப்பு கேட்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை, அவர்கள் தாழ்ந்தவர்கள் என்பதால் அல்ல. அவர்கள் போருக்குப் போகவில்லை, பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். வீரர் பட்டியலின் அடியில் மற்றும் பலர் என்று ஒட்டினால் அவர்களுக்கு நடந்தது மறைந்துபோகும். அதே திடலில், அதே உயரத்தில், தனிக் கல். கிடைக்கிற பெயர்களை வெட்டுவோம், கிடைக்காத இடத்தில் தோட்டத்தின் பெயரை வெட்டுவோம். மூடிப்போன தோட்டங்களின் பெயர்களாவது அதில் தங்கும்.

ஜப்பானின் பக்கம் நின்று பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய இராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிய கேள்வி இன்னும் சிக்கலானது. சிங்கப்பூர் கடற்கரையில் 1945-இல் நேதாஜி அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை சில வாரங்களில் தகர்த்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1995-இல்தான் அந்த இடத்தில் ஒரு குறிப்புப் பலகை வந்தது. ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பையன் ஐ.என்.ஏ.வில், அடுத்த வீட்டுக்காரர் ஜப்பான்காரனின் ரயில் பாதையில். இரண்டையும் ஒரே கல்லில் வெட்டினால் குடும்பங்களே மோதிக்கொள்ளும். இதை ஊர்ப் பள்ளியும் நூலகமும் ஒரு கண்காட்சியாகச் செய்யலாம், அங்கே விளக்கம் எழுத இடம் இருக்கும்.

பெயரை எப்படி எழுதுவது

தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருக்கும் ஒரு பாட்டியின் கணவர் எழுபதுகளில் எல்லைக் காட்டில் கண்ணிவெடியில் போனவர், போலீஸ்காரர். பாட்டி ஒரு பிஸ்கட் டின்னில் எல்லாத் தாள்களையும் வைத்திருக்கிறார். பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதியது ஒரு பெயர். அடையாள அட்டையில் இரண்டு எழுத்து மாறியிருக்கிறது. இறப்புச் செய்தி வந்த கடிதத்தில் அப்பா பெயரே பாதிதான் இருக்கிறது. எது சரி என்று கேட்டதற்குப் பாட்டி, "அதெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா. தமிழ்ல போடுவீங்களா? தமிழ்ல போட்டா நானே கண்டுபிடிச்சிருவேன்" என்றார்.

அதனால் என் யோசனை: தலைப்பும் விளக்கமும் தேசிய மொழியில். ஒவ்வொரு பெயரும் ரோமன் எழுத்தில், அதன் அடியில் அந்தக் குடும்பம் படிக்கிற எழுத்தில், அதாவது தமிழில், சீனத்தில், ஜாவியில், குருமுகியில். அது இடத்தை அடைக்கும், செலவும் கூடும். நியாயமான செலவு.

தமிழ் எழுத்தைக் கல் வெட்டுகிறவரிடம் கணினிக் கோப்பாக அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எழுத்துரு மாறினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், புள்ளி காணாமல் போகும். இந்த நாட்டில் அறிவிப்புப் பலகைகளில் அந்தக் கொடுமையைப் பார்க்காத நாள் கிடையாது. எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பி, வெட்டும் முன் உண்மை அளவில் தாளில் அச்சடித்து, குடும்பத்தில் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கல்லில் ஏற்ற வேண்டும்.

வரிசை, இறந்த ஆண்டுப்படி. அகர வரிசை வைத்தால் எந்த மொழியின் அகரம் என்று ஒரு சண்டை வரும். ஆண்டு வரிசையில் ஒன்றாக விழுந்தவர்கள் ஒன்றாகவே இருப்பார்கள். பதவி வேண்டுமானால் சின்னதாக, பெயருக்குப் பின்னால்.

எங்கே

தோட்டத்துக்குள் வேண்டவே வேண்டாம். தோட்டம் கம்பெனியின் சொத்து. இன்று ஒருவர், நாளை வீடமைப்புக்காரர். லயமும் கோயிலும் இடுகாடும் இடம்பெயர்ந்த கதை நமக்குப் புதிதல்ல. கோயில் வளாகம் என்றால் தமிழருக்கு மட்டும், பள்ளி வளாகம் என்றால் பூட்டிய கேட்டுக்குப் பின்னால். பெரிய சாலை ஓரம் கண்ணில் படும், ஆனால் சாலை ஒதுக்கீட்டு நிலத்தில் கட்டினால் சாலையை அகலப்படுத்தும் நாளில் முதலில் போவது அதுதான்.

மீதி இருப்பது திடலின் மேற்குக் கோடி, பேருந்து நிற்கும் பக்கம். எல்லா இனத்துக்காரரும் கடக்கும் இடம், மாலையில் நிழலும் உண்டு. ஆனால் மாவட்ட மன்றத்தின் வாய்மொழிச் சம்மதத்தை நம்பி அடித்தளம் தோண்டக் கூடாது. தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்படி மாநில அரசு நிலத்தைப் பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கி அரசிதழில் வெளியிட வழி இருக்கிறது. மாவட்ட நில அலுவலகத்தில் அந்த விண்ணப்பத்தைப் போட்டு, எண் கையில் வந்த பிறகு மற்றதைப் பேசுவோம். நாற்பது பேர் கூடி நிற்கத் தளம் வேண்டும், மழைத் தண்ணீர் வடிய வாய்க்கால் வேண்டும், ஜூலை 31 காலையில் வயதானவர்கள் உட்கார இரண்டு நீண்ட பெஞ்சு வேண்டும். விளக்கு அலங்காரம், நீரூற்று எதுவும் வேண்டாம். பழுதான நீரூற்று கொசு வளர்க்கத்தான் உதவும்.

பணமும் வரிசையும்

சேர்ந்த பணத்தில் முதல் செலவு பட்டியலுக்கு: இரண்டு பேர் வீடு வீடாகப் போய்த் தாள்களைப் பார்த்துப் படமெடுக்க, ஆவணக் கட்டணம் கட்ட, கோலாலம்பூர் போய்வர. அடுத்து நிலம். அதற்கப்புறம்தான் கல். ஒரு பங்கைத் தொடாமல் வங்கியில் போட்டு, கழுவவும் எழுத்துக்கு மை ஏற்றவும் வைத்திருக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, விழா தேதியைக் குறித்துவிட்டுப் பெயரைத் தேடினால் பாதிப் பெயரோடு திறப்போம். விடுபட்டவரின் வீட்டார் அன்றைக்கே வந்து நிற்பார்கள்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் என் ஓட்டு சாம்பல் கிரானைட் பெயர்க் கல்லுக்கு, பக்கத்தில் சயாம் கல்லோடு, திடலின் மேற்குக் கோடியில். சிலைதான் வேண்டும் என்று பெரும்பான்மை சொன்னால் கட்டுப்படுவேன். ஆனால் அப்போதும் பெயர்ப் பட்டியல் வேலையை முதலில் முடித்துத் தாருங்கள் என்று கேட்பேன். உங்கள் வீட்டில் பழைய படைச் சீருடைப் புகைப்படம், சம்பளப் புத்தகம், பதக்கம், அரசாங்கக் கடிதம் எது இருந்தாலும் கூட்டத்துக்கு அசலைக் கொண்டுவர வேண்டாம், நகல் போதும். நகலின் பின்பக்கம் அவர் பெயரைத் தமிழில் நீங்கள் எப்படி எழுதுவீர்களோ அப்படியே எழுதி, தோட்டத்தின் பெயரையும் குறித்துக் கொடுங்கள்.